மாத்திரையை நிறுத்தி இரண்டு மாதம்

அம்மாவுக்கு,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அப்பா நலமா? நான் நன்றாகத்தான் இருக்கிறேன். கருத்தடை மாத்திரையை மட்டும் இரண்டு மாதத்துக்கு முன்னால் நிறுத்திவிட்டேன். கத்தாதே, படிப்பை நிறுத்தியதற்குக் கத்தியதே போதும்.

வெள்ளிக்கிழமை எங்கள் ஓட்டலில் வேலை செய்யும் பெண்கள் எல்லோரும் சௌனா நீராவிக் குளியலறையில் இருந்தோம். நான் எழுந்தபோது, உட்கார்ந்திருந்த வெள்ளைத் துணியில் இரண்டு ரத்தப் பொட்டு. பீரியட்ஸ் முடிந்து பத்து நாள்கூட ஆகவில்லை. சமையல்காரி தூலிக்கி பார்த்துவிட்டாள்.

"ஏண்டி ஐரா, செவப்பு லிங்கன்பெரிப் பழத்து மேலயா உக்காந்த?"

"மாத்திரைய விட்டதுலேர்ந்து இப்படித்தான்க்கா, அப்பப்ப வருது."

"புள்ளகிள்ள இல்லையே?"

எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். மறுநாளே சோதித்துப் பார்த்தேன். இல்லை. நர்ஸிடமும் போனேன். "கொஞ்ச நாள் இப்படி இருக்கும். மூணு மாசத்துல சரியாகலேன்னா வாம்மா" என்றார். சரி என்றால் எது சரி? முகமெல்லாம் பரு, முடி கொட்டுகிறது, மார்பு வலிக்கிறது. இது மாத்திரையை விட்டதாலா, இல்லை என் உடம்பே இப்படித்தானா?

பதினைந்து வயதில் பீரியட்ஸ் வலியில் சுருண்டு கிடந்த என்னை நீதான் டாக்டரிடம் கூட்டிப்போனாய். அன்றிலிருந்து ஆறு வருடம் மாத்திரைதான். அதற்கு முன்னால் எனக்கு எப்படி வரும்? நாள் தவறுமா? நடுவில் இப்படிக் கசியுமா? எனக்கு ஒன்றுமே நினைவில்லை. உனக்குத் தெரிந்ததையெல்லாம் எழுது. கம்பளிக் காலுறை இரண்டு ஜோடியும் அனுப்பு.

தபால் வண்டி கிளம்பப்போகிறது. போன் மட்டும் பண்ணாதே, உன் குரலைக் கேட்டால் அழுதுவிடுவேன்.

ஐரா