கூப்பிட்டது வேறு பாப்பாவை

மார்ச் 9, திங்கள்
ஸ்கிரிப்ட் ஓடவில்லை. இந்தக் கண் மருத்துவமனையில் அன்றன்று யார் யாருக்கு அறுவை சிகிச்சை, யார் முதலில் என்று தரவுத்தளத்திலிருந்து எடுத்து வார்டுக்கு அனுப்புவது அதுதான். நான் எழுதிய நிரல். தரவுத்தளத்தோடு பேச அதற்குத் துணையாக இருக்கும் மாட்யூலை ஏற்ற முடியவில்லையாம். நேற்றுக் காலை ஓடியது இன்று எப்படி ஓடாமல் போகும்?

வார்டு நர்ஸ் அக்கா போனில் கத்தினார். "ஏம்மா, யாரு முதல்லன்னு தெரியாம எல்லாரையும் வெறும் வயித்துல உட்கார வச்சிருக்கேன். ஒரு பெரியவரு மயங்கியே விழுந்துட்டாரு!"

எங்கள் கணினிப் பிரிவில் மூத்தவர் ஒருவர். எதற்கெடுத்தாலும் 'அதான் சொன்னேன்' என்பார். நாங்கள் வைத்த பெயரும் அதுவே. வந்து எட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க எதையாவது தொட்டிருப்பீங்க" என்றார். தொடவில்லை. தொடவே இல்லை!

மார்ச் 10, செவ்வாய்
மாட்யூலை நீக்கி நீக்கி மறுபடி நிறுவினேன். நிறுவியாயிற்று என்கிறது சர்வர். ஏற்ற முடியவில்லை என்கிறது ஸ்கிரிப்ட். என் கணினியில் அதே ஸ்கிரிப்ட் சமர்த்தாக ஓடுகிறது; இப்போதைக்குப் பட்டியலை அதிலிருந்துதான் வார்டுக்கு அனுப்புகிறேன்.

நிர்வாகி கூப்பிட்டார். "வெள்ளிக்கிழமைக்குள்ள சரியாகலேன்னா இதை அவர்கிட்டயே கொடுத்துடலாம்." 'அதான் சொன்னேன்' பக்கத்தில் நின்று தலையாட்டினார். நான் பெற்று வளர்த்ததை இவர் இடுப்பில் தூக்கி வைப்பார்களாம்.

மார்ச் 11, புதன்
எரிகிறது. எழுதப் பிடிக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்
வீட்டுக்கு வந்தும் கோபம் அடங்கவில்லை. அம்மா சமையலறையிலிருந்து "பாப்பா, இங்க வா" என்றார். அக்கா மகள் ஓடினாள். "நீ இல்லடி, பெரிய பாப்பா!" முப்பத்தாறு வயதில் நான் பெரிய பாப்பா.

"வேற பேரே கிடைக்கலையாம்மா? பாப்பான்னு கூப்பிட்டா யாரு கிட்ட இருக்காளோ அவதானே வருவா!" என்று கத்தினேன்.

கத்திவிட்டு அப்படியே நின்றேன். ஸ்கிரிப்ட்டும் அப்படித்தானே? மாட்யூலைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டால், முதலில் தான் இருக்கும் ஃபோல்டரில்தானே தேடும்?

மார்ச் 13, வெள்ளி
இருந்தது! ஸ்கிரிப்ட்டுக்குப் பக்கத்திலேயே, மாட்யூலின் பெயரையே வைத்து ஒரு ஃபைல். உள்ளே பாதியில் விட்ட ஏதோ சோதனை நிரல். ஞாயிறு மாலை வைத்தது. யார் லாகினில்? 'அதான் சொன்னேன்' லாகினில். பெயரை மாற்றினேன், ஸ்கிரிப்ட் ஓடியது.

நிர்வாகியின் அறையில் கூசாமல் சொல்கிறார்: "அதான் சொன்னேன், ஏதோ சின்ன விஷயமாத்தான் இருக்கும்னு."

வந்ததே கோபம். "சின்ன விஷயம்தான் சார். அதுலதான் ஒரு பெரியவர் மயங்கி விழுந்தார். அந்த ஃபைலை யார் வச்சதுன்னும் நீங்களே சொல்லிடுங்க."

அவர் நிர்வாகியைப் பார்த்தார். நிர்வாகி அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மார்ச் 20, வெள்ளி
சர்வரில் இனி யார் எதை வைத்தாலும் என்னைக் கேட்டுத்தான் வைக்க வேண்டும் என்று உத்தரவு. மதியம் அவர் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஒரு ஃபைல் வைக்கணும்மா. என்ன பேர் வைக்கட்டும்?"

"உங்க பேரையே வைங்க சார், யார் வச்சதுன்னு தேட வேண்டாம் பாருங்க."

அதான் சொன்னேன் என்று அவர் சொல்லவில்லை.