ரூத் சொன்னதைத் தமிழில் சொன்னவள்

1965 ஆகஸ்ட் 28, சனி

மேகமூட்டம். மழைதான் இல்லை. காலையிலேயே சத்தியமங்கலம் பக்கம் ஜீப்பில். ரூத், நான், டிரைவர் மாரப்பன். பின்னால் கோதுமை மாவு மூட்டை, பால்பவுடர் டின்கள், மண்ணெண்ணெய் அடுப்பு.

ரூத் கோயமுத்தூர் வந்து இந்த மாதத்தோடு இரண்டு வருஷம். குழந்தைகளுக்கு என்ன ஆக்கிப் போடுவது என்று கிராமத்துத் தாய்மாருக்குச் சொல்லித்தர அமெரிக்காவிலிருந்து அனுப்பப்பட்டவள். அவள் இங்கிலீஷில் சொல்வதை நான் தமிழில் சொல்ல வேண்டும். கிராம சேவிகை வேலைக்கு மேல் இது எனக்குக் கூடுதல் வேலை. பிடித்த வேலையும்கூட. (‘ரூ.’ என்று சுருக்கி எழுதினால் கணக்குப் போட்ட மாதிரி இருக்கிறது. இனி முழுப் பெயர்தான்.)

பள்ளிக்கூடத்து மரத்தடியில் கோதுமை உப்புமா. பெண்கள் சாப்பிட்டுவிட்டு ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். பரவாயில்லை என்று அர்த்தம்.

முடியும்போது கருப்பண்ணக் கவுண்டர் எழுந்தார். அந்த ஊரில் பேப்பர் வாங்குகிற ஒரே ஆள். அக்கா மகன் பட்டாளத்தில்.

“ஏனுங்கம்மிணி, அவங்ககிட்ட ஒண்ணு கேட்டுச் சொல்லுங்க. இவங்க ஊர்ல இருந்து நமக்கு மாவு வருது. செரி. பாகிஸ்தானுக்கு டாங்கி போகுதுன்னு போட்டிருக்கான். அது ஆரைச் சுடறதுக்குங்க?”

ரூத் கோபப்படவில்லை. நிதானமாகச் சொன்னாள். கம்யூனிஸ்டு நாடுகள் வந்தால் தடுக்க மட்டும் கொடுத்தது. இந்தியா மேல் திருப்பக் கூடாது என்பது நிபந்தனை. எங்கள் ஜனாதிபதி உங்கள் பிரதமருக்கு எழுதியே கொடுத்திருக்கிறார். மீறினால் நாங்களே தடுப்போம்.

அப்படியே சொன்னேன்.

“அவங்க சொல்றாங்க, செரி. நீங்க என்னங்க சொல்றீங்க?”

“நம்பலாங்க. என் தம்பியும் டாங்கிப் படையிலதானுங்க இருக்கறான்.”

கவுண்டர் உட்கார்ந்துவிட்டார்.

திரும்பும்போது அன்னூர்ச் சந்தையில் கத்திரிக்காய், கொள்ளு, அம்மாவுக்கு வெற்றிலை.

செப்டம்பர் 2, வியாழன்

புழுக்கம். சளி.

காஷ்மீரில் சம்ப் பக்கம் நேற்று பாகிஸ்தான்காரர்கள் டாங்கிகளோடு வந்திருக்கிறார்கள். எல்லாம் அமெரிக்க டாங்கிகள். பேப்பரில் பேர்கூடப் போட்டிருக்கிறது, பேட்டன்.

ஆபீசில் யாரும் ரூத்திடம் பேசவில்லை. மதியம் அவளே என் மேஜைக்கு வந்தாள். முகம் வெளுத்துப்போயிருந்தது. “யாரோ ஒரு தளபதி அவசரப்பட்டிருப்பான், கமலம். வாஷிங்டனிலிருந்து ஒரு போன் போதும். நாளைக்கே திருப்பிவிடுவார்கள்.”

எனக்கும் அப்படித்தான் தோன்றியது. கொடுத்தவன் சொன்னால் வாங்கினவன் கேட்காமலா போவான்?

தம்பி செல்வராஜ் கடைசியாகக் கார்டு போட்டது ஆடியில். பஞ்சாபில் இருப்பதாக.

செப்டம்பர் 6, திங்கள்

நம் படை லாகூர்ப் பக்கம் எல்லை தாண்டிவிட்டது. பக்கத்துப் பட்டறை நாயுடு ரேடியோவை ஸ்டூல் மேல் வைத்து வாசலுக்கே கொண்டுவந்துவிட்டார். லேத் நின்றுவிட்டது. எங்கள் கணபதி வட்டாரத்தில் பகலில் இவ்வளவு நிசப்தத்தை நான் கேட்டதில்லை. அம்மா சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டு நின்றபடியே செய்தி முழுவதும் கேட்டாள். டில்லி ரேடியோத் தமிழ் அவளுக்குப் பாதி புரியாது.

ஜன்னலுக்குக் கறுப்புத் தாள் ஒட்டச் சொல்கிறார்கள். ஆணி, பசை, தாள் வாங்க வேண்டும்.

சாயந்திரம் ரூத் வந்தாள். அம்மாவுக்காகச் சுட்ட ரொட்டி கையில்.

“ஏங்கண்ணு, உங்க ஊர்க்காரங்க நிறுத்திப்போடுவாங்களா?” என்று அம்மா கேட்டாள்.

ரூத்தே தமிழில் பதில் சொன்னாள். “நிறுத்துவாங்கம்மா. கட்டாயம் நிறுத்துவாங்க.”

அம்மா அவள் கன்னத்தைத் தடவினாள். ரொட்டியைச் சாப்பிட்டுப் படுத்தாள். நான்கு நாளில் இன்றைக்குத்தான் ஒழுங்காகச் சாப்பிட்டது.

செப்டம்பர் 9, வியாழன்

நிறுத்திவிட்டார்கள். சண்டையை இல்லை. ஆயுதம் அனுப்புவதை. இரண்டு நாட்டுக்கும்.

ரூத்துக்கு ஒரே நிம்மதி. ஆபீஸ் வராந்தாவில் என் கையைப் பிடித்துக்கொண்டு, “ரெண்டு பேருக்கும் நிறுத்தியாச்சுங்க. இனிமேல் பயமில்லைங்க” என்றாள், நான் சொல்லிக்கொடுத்த தமிழில்.

கையை இழுத்துக்கொண்டேன். “ஒருத்தன் கையில் பத்து வருஷமாக ஆயுதம் கொடுத்துவிட்டு, அவன் சுடும்போது இரண்டு பேருக்கும் கடையை மூடினால் அது எப்படி ஒரே மாதிரி ஆகும்?”

“நாங்கள் யார் பக்கமும் சேரவில்லை, கமலம்.”

“சேரவில்லை என்று இப்போது சொல்கிறீர்கள். அன்றைக்குக் கவுண்டரிடம் நீ என்ன சொன்னாய்? நாங்களே தடுப்போம் என்றாய்.”

பைலைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். நானும் பிறகு கூப்பிடவில்லை. மத்தியானம் தனித்தனியாகச் சாப்பிட்டோம். இரண்டு வருஷத்தில் முதல் தடவை.

உண்மையில் கோபம் அவள் மேலா, என் மேலா என்று தெரியவில்லை. கவுண்டர் அவளை நம்பவில்லை. என்னை நம்பினார்.

செப்டம்பர் 14, செவ்வாய்

வெயில். கிணறுகள் அடி தட்டிவிட்டன. சத்தியமங்கலம் பக்கம் போக முறை. ரூத்துக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி அனுப்பினாள். நானும் மாரப்பனும் மட்டும்.

பெண்கள் வந்தார்கள். பாத்திரம் கொண்டுவரவில்லை.

ராமாயி மட்டும் பேசினாள். “எங்களுக்கு வேண்டாங்க. ஒரு கையில சோத்தைப் போட்டு இன்னொரு கையில நம்ம பசங்களைச் சுடறானாமே. அந்த மாவை எப்பிடீங்க வாயில வெக்கறது?”

சரி என்று மூட்டையை மறுபடி ஜீப்பில் ஏற்றச் சொன்னேன். மாரப்பன் தூக்கும்போது ஒரு கைக்குழந்தை அழ ஆரம்பித்தது. தாய்க்காரி மெல்ல முன்னால் வந்தாள். அவள் பேர் எனக்குத் தெரியாது.

“நான் வாங்கிக்கறனுங்க. ஊட்ல ஒண்ணுமில்லீங்க.”

யாரும் அவளைத் திட்டவில்லை. ராமாயி தன் முந்தானையை விரித்து அவளுக்காக வாங்கிக் கொடுத்தாள். அப்புறம் ஒவ்வொருத்தியாக வீட்டுக்குப் போய்ப் பாத்திரம் எடுத்துவந்தார்கள். குனிந்த தலை நிமிராமல் வாங்கினார்கள். நானும் குனிந்துகொண்டே அளந்தேன்.

கருப்பண்ணக் கவுண்டர் வரவில்லை. தோட்டத்தில் இருக்கிறார் என்றார்கள். தோட்டம் பள்ளிக்கூடத்துக்கு எதிரில்தான். வரப்பில் முதுகைத் திருப்பிக்கொண்டு நின்ற ஆள் அவராகத்தான் இருக்கும்.

செப்டம்பர் 20, திங்கள்

தந்தி.

செல்வராஜுக்குக் காயம். ராணுவ ஆஸ்பத்திரியில் சேர்த்திருக்கிறது. அவ்வளவுதான் இருந்தது. எங்கே காயம், எவ்வளவு காயம், ஒன்றும் இல்லை.

அம்மா ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டிக்கொண்டிருந்தாள். சொன்னேன். நிறுத்தவில்லை. முழுசாக ஆட்டி, வழித்து, உப்புப் போட்டுக் கரைத்து வைத்தாள். கையைக் கழுவிக்கொண்டு வந்து, “உசுரோட இருக்கறான்னு போட்டிருக்குதா?” என்று கேட்டாள்.

“காயம்னுதானம்மா போட்டிருக்குது.”

“அப்பறம் செரி.”

அதற்கப்புறம்தான் உட்கார்ந்தாள். எழுந்திருக்க முடியவில்லை. நாயுடு வீட்டம்மாவும் நானும் பிடித்துப் படுக்க வைத்தோம்.

செப்டம்பர் 23, வியாழன்

சண்டை நின்றுவிட்டதாம். பட்டறையில் லேத் ஓட ஆரம்பித்துவிட்டது. ஜன்னல் தாளைக் கிழிக்கவில்லை. கை வரவில்லை.

செப்டம்பர் 25, சனி

ரூத் வீட்டுக்கு வந்தாள். விஷயத்தை மாரப்பன் சொல்லியிருக்கிறான். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். கொல்லையில் துவைக்கிற கல் மேல் இரண்டு பேரும் உட்கார்ந்தோம்.

அழுதாள். நான் அழவில்லை.

கேட்டேன்: “அன்றைக்குச் சொன்னாயே, எழுதிக் கொடுத்திருக்கிறார், மீறினால் தடுப்போம் என்று. அதை எங்கே படித்தாய்?”

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு சொன்னாள். படிக்கவில்லை. இங்கே அனுப்புவதற்கு முன்னால் சென்னையில் ஒரு வாரம் வகுப்பு. பால்பவுடர் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, அமெரிக்காவில் கறுப்பர்களை நடத்துவது பற்றிக் கேட்டால் என்ன சொல்வது, பாகிஸ்தானுக்கு ஆயுதம் பற்றிக் கேட்டால் என்ன சொல்வது. எல்லாவற்றுக்கும் பதில் சொல்லிக்கொடுத்து, திருப்பிச் சொல்ல வைத்தார்களாம்.

“நீ நம்பினாயா?”

“முழுசாக இல்லை” என்றாள். “வகுப்பில் ஒருத்தர் கேட்டார், ஒருவேளை அவர்கள் திருப்பிவிட்டால் நாம் என்ன செய்ய முடியும் என்று. சொல்லித்தந்தவர் சிரித்தார். அப்போதே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.”

அப்போதே தெரிந்திருக்கிறது. அதைத்தான் அவள் ‘தெரிந்திருக்க வேண்டும்’ என்கிறாள். இங்கிலீஷ் இதற்கு வசதியான பாஷை.

அவளுக்கு அது ஒப்பித்த பாடம். அதை எங்கள் பேச்சுக்கு மாற்றி, ‘ங்க’ போட்டு, சொந்தத் தம்பியைச் சாட்சி வைத்துச் சொன்னது நான்.

“கவுண்டர்கிட்ட என்கூட வந்து இதை நீயே சொல்லு” என்றேன்.

“என்னால் முடியாது கமலம். அனுமதி இல்லை.”

காபி போடவில்லை. வீட்டுக்கு வந்தவளுக்குக் காபி போடாமல் அனுப்பினது இதுதான் முதல் தடவை.

அக்டோபர் 12, செவ்வாய்

நல்ல மழை, கடைசியாக. பஸ்ஸில் நானாகவே சத்தியமங்கலம். லீவு போட்டுவிட்டு.

கவுண்டர் வெங்காயம் நட வரப்புக் கட்டிக்கொண்டிருந்தார். சேற்றுக் கையோடு வந்தார். “வாங்கம்மிணி. தம்பிக்கு எப்பிடீங்க இருக்குது?”

இடது கை முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள் என்றேன். சக வீரன் ஒருவன் எழுதிப் போட்டிருந்தான். குண்டு துளைத்து டாங்கி தீப்பிடித்தபோது தம்பி அதன் டிரைவரை இழுத்து வெளியே போட்டிருக்கிறான். அதில் போனது கை.

பிறகு ரூத் சொன்னது முழுவதையும் சொன்னேன். சென்னை வகுப்பு, சொல்லிக்கொடுத்த பதில், எல்லாம். நம்பலாம் என்று நான் சொன்னதற்கு ஆதாரமே இல்லை என்றும்.

கேட்டுக்கொண்டே கையிலிருந்த சேற்றை வழித்தார்.

“எங்க அக்கா மகன் நல்லாத்தானுங்க இருக்கறான். ஆனா அன்னிக்கு நீங்க சொன்னதைக் கேட்டுப்போட்டு, நேரா எங்கக்கா ஊட்டுக்குப் போயி, ஒண்ணும் ஆவாது, அமெரிக்காக்காரன் பாத்துக்குவான்னு சொல்லிப்போட்டு வந்தனுங்க. எங்கக்கா இன்னும் எங்கூடப் பேசறதில்லீங்க.”

குற்றம் சொல்கிற குரலே இல்லை. நடந்ததைச் சொன்னார். கொஞ்சம் திட்டியிருந்தால் தேவலை.

அமெரிக்கா கோதுமையை இனி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அனுப்பப்போகிறதாம். நாம் எப்படி நடந்துகொள்கிறோம் என்று பார்த்துப் பார்த்து. அதையும் அவர்தான் பேப்பரில் படித்துச் சொன்னார். “கயித்தை விட்டுப் புடிக்கறானுங்க” என்றார்.

நவம்பர் 17, புதன்

செல்வராஜ் வந்துவிட்டான். கோயமுத்தூர் ஸ்டேஷனில் நாயுடுவும் நானும். இளைத்துவிட்டான். சட்டையின் இடது கையை மடித்துக் குண்டூசி குத்தியிருந்தது. யார் குத்திவிட்டது என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை.

அம்மா அரிசியும் பருப்பும் ஆக்கினாள். நெய் நிறைய. பிசைந்து ஊட்ட வந்தாள். “சோத்துக் கை இருக்குதும்மா” என்று சிரித்தான்.

சாப்பிட்டபின் கேட்டேன், அவங்க டாங்கியைக் கிட்டத்தில் பார்த்தாயா என்று.

“பாத்தனுங்கக்கா. வயல்ல நம்மாளுங்க தண்ணி உட்டிருந்தாங்க, சேத்துல பதிஞ்சு நின்னுபோச்சு. புதுசாட்ட இருந்துச்சு. உள்ள இருந்த பையனுக்கு என் வயசுதான் இருக்கும். அவனுக்கும் ஆரோ என்னமோ சொல்லித்தான அனுப்பியிருப்பாங்க.”

சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தான். தூங்கிவிட்டான்.

நவம்பர் 21, ஞாயிறு

பனி. வெயில் ஏற வெகுநேரம்.

ரூத் வந்தாள். அவளை ஊருக்குத் திருப்பி அழைத்துக்கொள்கிறார்களாம். அடுத்த வாரம் பம்பாய், அங்கிருந்து விமானம். நான் வாசலிலேயே நின்றேன். செல்வராஜ்தான் எழுந்து, “வாங்க, உக்காருங்க” என்று நாற்காலியை வலது கையால் நகர்த்திப் போட்டான்.

அவள் அவனுடைய சட்டைக் கையைப் பார்த்தாள். பிறகு வேறெங்கும் பார்க்கவில்லை.

அம்மா உள்ளேயிருந்து வந்து உட்கார்ந்தாள். ரூத் அவள் பக்கம் திரும்பி இங்கிலீஷில் ஆரம்பித்தாள். இரண்டு வருஷத் தமிழில் அதற்கு வார்த்தை இல்லை போலிருக்கிறது. நீளமாகச் சொன்னாள். எங்கள் மக்கள் யாரும் இதை நினைத்துச் செய்யவில்லை, தூரத்தில் உட்கார்ந்து வரைபடத்தைப் பார்த்து முடிவு செய்கிறார்கள், உங்கள் வீடு அவர்கள் கண்ணுக்குத் தெரியாது, எங்களை மன்னிக்க வேண்டும். மனசாரத்தான் சொன்னாள். அது எனக்குத் தெரிந்தது.

சொல்லி முடித்து, வழக்கம்போல் என்னைப் பார்த்தாள்.

அம்மாவும் என்னைப் பார்த்தாள். “என்ன கண்ணு சொல்றாங்க?”

“ஊருக்குப் போறாங்களாம்மா” என்றேன்.

ரூத்துக்கு அந்த அளவு தமிழ் தெரியும். தலை குனிந்துகொண்டாள்.

“அப்பிடியா, பத்தரமாப் போய்ட்டு வாங்க கண்ணு” என்றாள் அம்மா.