பாலம் தாண்டியதும் ஊமையாகும் எஞ்சின்

நவம்பர் 4, செவ்வாய்

கடையில் இன்று வரிசையாகக் காதுக்கருவி பொருத்த வந்தவர்கள். வந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே பல்லவி: "எனக்கு நல்லாத்தான் கேட்குது, என் பொண்டாட்டிதான் வாய்க்குள்ளயே பேசுறா." முடித்துவிட்டு நேரே எங்கள் பொம்மை ரயில் சங்கத்துக் கொட்டகைக்குப் போனால், அங்கே ரயில் விபத்து.

மைன்ஹார்டின் குட்டி நீராவி எஞ்சின் கிளைப்பாதையில் பாலத்தைத் தாண்டியதும் ஊமையாகிவிட்டது. ஓடிக்கொண்டுதான் இருந்தது; சத்தம் மட்டும் போய்விட்டது. கண் தெரிந்தவனுக்கு அது ஒரு விஷயமே இல்லை. மைன்ஹார்டுக்கோ முப்பது வயதிலேயே பார்வை போய்விட்டது. அவர் வண்டி ஓட்டுவது முழுக்கக் காதால். எஞ்சின் மூச்சு நின்றால் எஞ்சின் நின்றதாகத்தான் அவருக்கு அர்த்தம். நின்றுவிட்டது என்று நினைத்து வேகத்தைக் கூட்டியிருக்கிறார். அது போய் ஓக்கோவின் எக்ஸ்பிரஸ் வண்டியின் வாலில் இடித்து, அதில் கோத்திருந்த சாப்பாட்டுப் பெட்டி மேசையிலிருந்து தரையில் விழுந்தது.

ஓக்கோ எங்கள் சங்கத் தலைவர். நல்ல மனிதர்தான், ஆனால் அவருடைய சாப்பாட்டுப் பெட்டி அது.

"கிறிஸ்துமஸுக்கு முன்னால நடக்குற அட்வென்ட் கண்காட்சிக்கு ஊரே திரண்டு வரும். அதுக்குள்ள இந்த எஞ்சின் சரியாகலைன்னா கிளைப்பாதைய ஃபோல்கர்ட்டோட கம்ப்யூட்டர் ஓட்டட்டும். மைன்ஹார்ட் பக்கத்துல உட்கார்ந்து வர்றவங்களுக்குக் கதை சொல்லட்டும்" என்றார்.

மைன்ஹார்ட் முழங்காலிட்டு உட்கார்ந்தார். தரையில் தடவி அந்தப் பெட்டியைத் தேடி எடுத்து, விளிம்பை விரலால் ஒரு சுற்றுச் சுற்றினார். "இடது பக்கம் ஒரு படி ஒடைஞ்சிருக்கு. மன்னிச்சுக்கோ ஓக்கோ."

கதை சொல்லட்டுமாம்! எனக்கு வந்த கோபத்துக்கு எஞ்சினை ஒரு கைத்துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். நான் சரி செய்கிறேன் என்று எல்லார் முன்னாலும் சொல்லியும் வைத்தேன்.

நவம்பர் 5, புதன்

சமையலறை மேசையில் எஞ்சின். முதலில் சக்கரம். எந்த வியாதிக்கும் முதல் மருந்து சக்கரத்தைத் துடைப்பது. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தேன், பஞ்சு கறுத்தது. சக்கரத்தை உரசி மின்சாரம் எடுக்கும் பித்தளைத் தகடுகளையும் நிமிர்த்தினேன். தண்டவாளத்தில் வரும் மின்சாரம் கண் இமைக்கும் நேரம் விட்டுப்போனால் போதும், உள்ளே இருந்து மோட்டாரையும் சத்தத்தையும் ஆட்டிவைக்கும் நகத்தளவு சில்லு, டிகோடர், செத்துப் பிழைக்கும். மோட்டார் உடனே பழையபடி ஓட ஆரம்பித்துவிடும். சத்தம் மட்டும், ரோஷக்காரி மாதிரி, பொத்தானை அழுத்தி மறுபடி கூப்பிட்டால்தான் வரும்.

டிகோடரில் இருந்த எண்களையும் ஒருமுறை படித்துப் பார்த்தேன். வால்யூம் எண்பது. எங்கள் சங்கத்தில் எண்பது என்பது ரகசியம் பேசுகிற சத்தம். மற்றவர்கள் எல்லாரும் இருநூறுக்கு அந்தப் பக்கம்தான். என் டீசல் எஞ்சின் உட்பட.

மேசையில் போட்டிருக்கும் ஒரு முழத் தண்டவாளத்தில் முன்னும் பின்னும் ஓட்டினேன். தேனாகப் பாடுகிறது.

நவம்பர் 8, சனி

கொட்டகையில் போட்டதும் பாலம் தாண்டி மறுபடி ஊமை.

ஸ்பீக்கரைக் கழற்றி வேறொன்று மாட்டினேன். அதுவும் ஊமை. பாலத்துக்குப் பிறகு வரும் தண்டவாளத்தை மீட்டர் வைத்து அளந்தேன், ஒரு குறையும் இல்லை. மற்ற எஞ்சின்கள் எல்லாம் அதே இடத்தில் ஊளையிட்டுக்கொண்டு போகின்றன. வீட்டுக்குக் கொண்டுவந்து மேசையில் போட்டால் பாடுகிறது.

என்னைக் கண்டால் மட்டும் பாடுகிறதா இது?

ஃபோல்கர்ட் தன் மடிக்கணினியிலிருந்து தலை நிமிராமல் சொன்னான்: "வீப்கே, கம்ப்யூட்டருக்குக் காது தேவையில்ல."

நவம்பர் 9, ஞாயிறு

மழை. எஞ்சினைத் தொடவில்லை. தொட்டால் உடைத்துவிடுவேன்.

நவம்பர் 12, புதன்

என்ன செய்துவிட்டேன் நான்.

வரிசையாக எழுதுகிறேன். டிகோடரின் மூளைதான் குழம்பியிருக்கிறது என்று முடிவு கட்டினேன். தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்கு அதைத் திருப்பிவிட்டால் தெளிந்துவிடும். அதற்கென்று தனியாக ஒரு சோதனைத் தண்டவாளம் கொட்டகையில் இருக்கிறது. எஞ்சினை அதில் வைத்தேன். கட்டுப்பாட்டுப் பெட்டியின் பின்னால் கையை விட்டு இணைப்பைச் செருகினேன். ரீசெட் கட்டளை கொடுத்தேன். 'பதில் இல்லை' என்றது. மறுபடி கொடுத்தேன். மறுபடியும் 'பதில் இல்லை'. விடுவேனா? இன்னொரு தரம்.

இணைப்பை நான் பக்கத்துத் துளையில் செருகியிருக்கிறேன். கட்டளை சோதனைத் தண்டவாளத்துக்குப் போகவே இல்லை. ஒத்திகைக்காக மேடையில் நிறுத்தியிருந்த எல்லா எஞ்சின்களுக்கும் போயிருக்கிறது!

அது தெரியாமல் இணைப்பு ஆடுகிறதோ என்று பிடுங்கிச் சரியான துளையில் செருகி, மறுபடி ரீசெட் கொடுத்தேன். இந்தத் தரம் பதில் வந்தது. ரீசெட் ஆன எந்த டிகோடருக்கும் விலாசம் மூன்று. மூன்றாம் எண்ணைக் கூப்பிட்டு, மின்சாரத்தைத் திறந்து, விசில் பொத்தானை அழுத்தினேன். கொட்டகை முழுக்க, மூலைக்கு மூலை, இருக்கிற அத்தனை எஞ்சினும் ஒரே நேரத்தில் ஊதின. சரக்கு எஞ்சின், எக்ஸ்பிரஸ், என் டீசல், எல்லாம். பதறிப்போய்க் குமிழைத் திருப்பினேன், எதிர்ப்பக்கம். எல்லாம் ஒன்றாகக் கிளம்பின. அலறி அணைத்தேன்.

ஓக்கோ வெளிறிப்போய் நின்றார். ஒவ்வொரு எஞ்சினுக்கும் அவரவர் வருடக்கணக்கில் பார்த்துப் பார்த்து வைத்த அமைப்பு: எந்த வேகத்தில் எத்தனை மூச்சு, மணி எவ்வளவு மெதுவாக, பிரேக் எங்கே கீச்சிட வேண்டும். எல்லாம் அழிந்தது. எவரும் எங்கும் நகல் எடுத்து வைக்கவில்லை. ஃபோல்கர்ட் மட்டும் எடுத்து வைத்திருக்கிறான், தன்னுடையதை மட்டும், அதிலும் வேக எண்களை மட்டும்; சத்தம் அதில் இல்லை.

"அம்மா தாயே," என்றார் ஓக்கோ, "நீ சரி பண்ண வந்தது ஒரு எஞ்சினத்தானே?"

மூலையிலிருந்து ஒரு சிரிப்பு. மைன்ஹார்ட், நாற்காலியில் சாய்ந்து, வயிற்றைப் பிடித்துக்கொண்டு. "எல்லாம் ஒண்ணா ஊதினது எவ்வளவு நல்லா இருந்துச்சு! இன்னொரு தடவ அழுத்துடி, வீப்கே."

எனக்கு அழுகைதான் வந்தது.

நவம்பர் 13, வியாழன்

காலையிலேயே தொலைபேசி. மைன்ஹார்ட். மாவட்ட மருத்துவமனையில் அவர்தான் தொலைபேசி இணைப்பாளர். நடுநடுவே "மொய்ன், மருத்துவமனை" என்று எங்கள் ஊர் வணக்கம் வைத்து யாரையோ எலும்புப் பிரிவுக்கு அனுப்பிக்கொண்டே பேசினார்.

"சனிக்கிழம கொட்டகைக்கு வா. எஞ்சின் எல்லாத்தையும் ஒவ்வொண்ணா சோதனைத் தண்டவாளத்துல வை. நான் சொல்றேன் எது எப்படி இருந்துச்சுன்னு."

"எல்லாமேவா ஞாபகம் இருக்கு?"

"நீ உன் பிள்ளைங்க குரல எழுதியா வெச்சிருக்க?"

நவம்பர் 15, சனி

இன்று நான் பார்த்ததை அப்படியே எழுதிவிட வேண்டும்.

மைன்ஹார்ட் எஞ்சின் ஓட்டும் கைக்கருவியை மடியில் வைத்துக்கொண்டார். பொத்தான்களை விரலாலேயே எண்ணி அழுத்துவார். திரை அவர் சட்டைப் பக்கம் திரும்பியிருந்தது, அவருக்கு அது எதற்கு? நான் எஞ்சினை வைப்பேன். அவர் ஓட்டுவார், தலையைச் சாய்ப்பார், இரண்டு எண் அழுத்துவார், மறுபடி ஓட்டுவார். "சக்கரம் ஒரு சுத்து சுத்தினா நாலு மூச்சு வரணும். இப்ப மூணேகால்தான் வருது." அழுத்துவார். "இப்ப சரி. இது ஓக்கோ எஞ்சின். கிளம்பறதுக்கு முன்னால ஒரு பெருமூச்சு விடும், அவர் மாதிரியே." அந்தப் பெருமூச்சு வந்தது.

எஞ்சினுக்கு உடையவர்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். ஒவ்வொருவரும் "அதேதான்" என்றார்கள். சரக்கு எஞ்சினின் மணி பிப்ரவரியில் மாற்றப்பட்டது என்பதை அதன் சொந்தக்காரரே மறந்திருந்தார், இவர் நினைவுபடுத்தினார். என் டீசலையும் வைத்தேன். அந்தக் கரகரப்பு, நிற்கும்போது அந்தச் சின்ன இருமல், துளியும் மாறாமல் பழையபடி. பகலெல்லாம் மனிதக் காதுகளைக் கருவி வைத்து அளப்பவள் நான். இப்படி ஒரு காதை நான் கண்டதில்லை. பொறாமையாகக்கூட இல்லை, அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

அவர் எண்களை அழுத்திக்கொண்டிருந்தபோது நான் சும்மா நிற்காமல் அவருடைய எஞ்சினைக் கையில் எடுத்துவைத்துப் புலம்பினேன். கேட்டுக்கொண்டிருந்த மைன்ஹார்ட் சொன்னார்: "ஒண்ணு கவனிச்சியா? பாலத்துக்கு அப்புறம் போகும்போதுதான் ஊமையாகுது. திரும்பி வரும்போது ஆகறதில்ல. சுரங்கத்துக்கு முன்னாலயும் ஒரு தடவ தடுமாறும், அதுவும் போகும்போதுதான்."

ரெண்டு இடத்துக்கும் பொதுவாக என்ன? ரெண்டுமே இடது வளைவு. என் மேசையில் வளைவே கிடையாது!

எஞ்சினைத் தண்டவாளத்தில் நிறுத்தி, சத்தத்தைத் திறந்துவிட்டு, பின்னால் கோத்திருக்கும் நிலக்கரி வண்டியை இரண்டு விரலால் இடது பக்கம் மெல்லத் திருப்பினேன். ஊமை. நேராக்கினேன். மறுபடி கூப்பிட்டதும் மூச்சு. எஞ்சினுக்கும் அந்த வண்டிக்கும் நடுவே முடி கனத்தில் போகும் கம்பிகளில் ஒன்று மேலுறைக்குள்ளேயே அறுந்திருக்கிறது. வெளியே பார்த்தால் முழுசு. வளைவில் இழுபட்டால் மட்டும் விலகும். டிகோடர் பாவம், அதன்மேல் ஒரு பாவமும் இல்லை. நான் ரீசெட் செய்திருக்கவே வேண்டாம்.

புதுக் கம்பி, கொஞ்சம் தாராள நீளமாக, சால்டர் வைத்தேன். ஈயப் புகையை மோந்துவிட்டு "முடிஞ்சுதா?" என்றார்.

"முடிஞ்சுது."

"அப்ப ஓக்கோகிட்ட சொல்லிடு, கதை சொல்ல வேற ஆளப் பார்க்கச் சொல்லி."

நவம்பர் 22, சனி

ஒத்திகை. ஓக்கோ வேண்டுமென்றே தன் எக்ஸ்பிரஸ்ஸைச் சந்திப்பில் நிறுத்திவைத்துக்கொண்டு இடுப்பில் கைவைத்து நின்றார். மைன்ஹார்ட் பாலத்தைத் தாண்டினார், இடது வளைவு, எஞ்சின் மூச்சு நிற்கவே இல்லை. எக்ஸ்பிரஸின் வாலுக்கு ஒரு சாண் முன்னால் கொண்டுவந்து நிறுத்திவிட்டு, "ஓக்கோ, உன் வண்டி குறுக்க நிக்குது" என்றார்.

ஓக்கோ போய் அவருக்குத் தேநீர் ஊற்றிக்கொண்டு வந்தார். ஃபோல்கர்ட் கம்ப்யூட்டரை மூடினான்.

நவம்பர் 30, முதல் அட்வென்ட் ஞாயிறு

கால் வலிக்கிறது, தொண்டை கட்டிவிட்டது. நேற்றும் இன்றும் ஊரே வந்தது. மைன்ஹார்ட் இரண்டு நாளும் கிளைப்பாதையை விட்டு எழுந்திருக்கவில்லை, ஒரு உரசல் இல்லை. அவருக்குக் கண் தெரியாது என்பது வந்தவர்களில் பாதிப் பேருக்குக் கடைசி வரை தெரியாது.

வழக்கமாகக் கண்காட்சி முடிந்தால் எனக்குத் தலைவலி மாத்திரை வேண்டும். இந்த வருடம் வேண்டியிருக்கவில்லை. கூட்டம் குறைவோ என்று பார்த்தால், போன வருடத்தைவிட அதிகம்.

சாயங்காலம் ஓக்கோ என்னை ஓரமாகக் கூப்பிட்டார். இவரிடம் நான் மூன்று வருடமாகக் காதுக்கருவி வாங்கச் சொல்லித் தொண்டை வற்றியவள்.

"என் எஞ்சின் மூச்சு விடறத இந்த வருஷந்தான் முழுசா கேட்டேன், அந்தப் பெருமூச்சு உட்பட. யாருக்கும் சொல்லாம எனக்கு மட்டும் கொஞ்சம் கூட்டி வெச்சியா?"

"நான் ஒண்ணுமே பண்ணல, ஓக்கோ."

"சரி சரி," என்று கண்ணடித்துவிட்டுப் போனார்.

டிசம்பர் 2, செவ்வாய்

பட்ட பிறகாவது புத்தி வர வேண்டும் என்று, இன்று எல்லா எஞ்சின்களின் எண்களையும் ஒவ்வொன்றாகப் படித்துக் கணினியில் சேமிக்க உட்கார்ந்தேன்.

ஓக்கோவின் எக்ஸ்பிரஸ், வால்யூம்: எழுபது. தப்பாகப் படிக்கிறதோ என்று மறுபடி படித்தேன். எழுபது. சரக்கு எஞ்சின், எழுபது. அடுத்தது, அதற்கடுத்தது, எல்லாம் எழுபதை ஒட்டியே. இருநூறில் அலறிக்கொண்டிருந்தவை எல்லாம்! மைன்ஹார்டுடையது மட்டும் எண்பது, நான் முதன்முதலில் படித்த அதே எண்பது.

சட்டைப் பக்கம் திரும்பியிருந்த அந்தத் திரை!

'அதேதான்' என்று ஒவ்வொருவரும் சத்தியம் செய்தார்களே. தனியாக வைத்துக் கேட்டால் காது பழகிக்கொள்ளும், இது என் தொழில், எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். எல்லாம் சேர்ந்து குறைந்ததால் அவரவர் எஞ்சின் அவரவருக்கே முதல் தடவையாகக் கேட்டிருக்கிறது. என் டீசலைக் கடைசியாக வைத்தேன். 'துளியும் மாறாமல் பழையபடி' என்று இதே நாட்குறிப்பில் எழுதியிருக்கிறேன். அறுபத்தைந்து. மற்றவர்களைவிடக் குறைவு!

சிரிப்பு அடங்கியதும் தொலைபேசியை எடுத்தேன். அந்தப் பக்கம் கோப்பையில் கல்கண்டு விரிசல்விடுவது கேட்டது, எங்கள் ஊர் வழக்கப்படி அதன்மேல் சுடச்சுடத் தேநீர் ஊற்றிக்கொண்டிருக்கிறார்.

"எல்லா எண்ணையும் படிச்சிட்டேன், மைன்ஹார்ட்."

ஊற்றும் சத்தம் நின்றது. "எல்லாத்தையுமா?"

"என் டீசல் உட்பட. அறுபத்தஞ்சாம்."

"உன்னோடது ரொம்பத்தான் கத்தும்."

"மறுபடி பழையபடி ஏத்தணும்னா, எதெது எவ்வளவு இருந்துச்சுன்னு உங்களுக்குத்தான் தெரியும். சொல்லுங்க, எழுதிக்கறேன்."

மெதுவாக ஒரு மடக்குக் குடித்தார். "வயசாகுதில்ல, வீப்கே," என்றார். "சுத்தமா மறந்துபோச்சு."

கோப்புக்கு ஒரு பெயர் கேட்டது கணினி. 'பழையபடி' என்று கொடுத்துச் சேமித்துவிட்டேன்.