பெண்கள் பக்கத்து டேப்புகள்

நவம்பர் 4
மழை. மத்தியானமே சாயங்காலம் மாதிரி இருட்டு. டேப் பெட்டியைத் திறந்தேன். இரண்டு கேசட்டில் வெள்ளையாகப் பூசணம்.

பூந்தமல்லியைச் சுற்றி எத்தனை நிக்காஹுக்கு வீடியோ எடுத்திருப்போம், இவரும் நானும்! ஆண்கள் பக்கம் இவர், பெண்கள் பக்கம் நான். பெண்கள் பக்கத்து டேப்பை எந்த ஆணும் பார்க்கமாட்டான் என்று வாக்குக் கொடுத்துவிட்டுத்தான் கேமராவைத் தூக்குவேன். "ஊட்ல இருந்தா ஆம்பளைங்க போட்டுப் பாத்துடுவாங்க, உன்கிட்டயே இருக்கட்டும்" என்று பலபேர் என்னிடமே விட்டுவிட்டார்கள். அமானிதம், நம்பி ஒப்படைத்த பொருள். இவர்கூட ஒருநாளும் எட்டிப் பார்த்ததில்லை.

நவம்பர் 6
மாங்காட்டிலிருந்து ஃபிசா போன். 2004-இல் அவள் கல்யாணத்தை நான்தான் எடுத்தேன். இப்போது அவள் மகள் ஷிபாவுக்குக் கல்யாணம்.

"டிசம்பர்ல மருதாணி வெக்கிறோம்க்கா. அன்னிக்கு பொம்பளைங்க மட்டும்தான். என் டேப்பப் போட்டுக் காட்டணும். அவ பொறந்ததுலேர்ந்து என்னை சிரிச்ச மூஞ்சியா பாத்ததே இல்ல."

இத்தனை வருஷம் ஏன் சிரிக்கவில்லை? நான் கேட்கவில்லை. தருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

நவம்பர் 9
இவர் நாலு டிபி ஹார்ட் டிஸ்க் வாங்கிவந்தார். பூசணம் தின்பதற்குள் எல்லா டேப்பையும் இதில் ஏற்றிவிடலாம். கேமராவோடு பேசும் கார்டு பழைய கம்ப்யூட்டரில் மட்டும்தான் இருக்கிறது, அதனால் அதில்தான் மாட்டியாக வேண்டும். மாட்டினேன். டிஸ்க் சுற்றுகிறது, கைவைத்தால் மெல்லிய அதிர்வு. திரையில் ஒன்றும் வரவில்லை.

"இன்னா பானு, கண்டுக்க மாட்டுதா?" என்றார் கூடத்திலிருந்து.

"புது மருமகளப் பாத்த மாமியா மாதிரி மூஞ்சத் திருப்பிக்கினு கீது" என்றேன். சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

நவம்பர் 10
விடியலில் ஒரு கனவு. பெரிய கல்யாண மண்டபம். வாசலில் அந்தப் பழைய கம்ப்யூட்டர் நின்று, வருகிறவர்களை எண்ணுகிறது. ஓர் எண்ணுக்கு மேல் அதற்குத் தெரியவில்லை. மறுபடி ஒன்றிலிருந்து ஆரம்பிக்கிறது. ஜரிகைப் புடவைகளில் பெண்கள் மழையில் வரிசையாக நிற்கிறார்கள். ஒருத்திகூட நனையவில்லை, ஒருத்திக்கும் கோபமில்லை. எழுந்த பிறகும் வெகுநேரம் அத்தர் வாசனை இருந்தது.

நவம்பர் 13
கம்ப்யூட்டரை மடியில் வைத்துக்கொண்டு ஆட்டோவில் போனேன். மெட்ரோ தூண்களுக்குக் கீழே ஊர்ந்து ஊர்ந்து, ராஷித்தின் ரிப்பேர் கடைக்கு. "உட்டுட்டுப் போங்கக்கா, பாத்துத் தரேன்" என்று ஆன் செய்தான். திரையில் நான் முன்பு ஏற்றிவைத்த படங்கள் — சின்னதாய் ஒரு மணப்பெண் முகம், முக்காடு இல்லாமல். அவன் அதைப் பார்க்கக்கூட இல்லை, பாவம், ஒயரைத் தேடிக்கொண்டிருந்தான். நான் ப்ளக்கைப் பிடுங்கிவிட்டேன்.

"இன்னாக்கா ஆச்சு?"

"வேணாம் தம்பி."

வீட்டுக்கு வந்து அழுதேன். அத்தனைபேரும் நம்பித்தானே குடுத்தாளுங்க? நான் பாட்டுக்குத் தூக்கினு போய்க் கடையில வெச்சிட்டேனே — எனக்கு அறிவு எங்க போச்சு?

நவம்பர் 14
மழை. டேப் பெட்டியில் சாக்பீஸ் போட்டுவைத்தேன், ஈரம் இழுக்கட்டும் என்று.

நவம்பர் 19
இவர்தான் நினைவுபடுத்தினார், ஆவடியில் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கும் ஷைலாவை. அவள் தங்கை கல்யாணத்துக்குச் சர்ச்சில் வீடியோ எடுத்த பழக்கம். போனிலேயே எல்லாம் கேட்டுக்கொண்டு, இன்று டிஸ்க்கை உள்ளே வைத்து மாட்டுகிற ஒரு பெட்டியோடு வந்தாள்.

"டிஸ்க்கை இந்தப் பழைய கம்ப்யூட்டர் சின்னச் சின்னத் துண்டா எண்ணும்க்கா. ரெண்டு டிபிக்கு மேல போனா எண்ணத் தெரியாது. துண்டைப் பெருசாக் காட்டுனா எண்ணிடும்."

"அரிசிய மணிமணியா எண்ணாம, படியில அளக்குற மாதிரியா?"

"அதே!"

பெருசாகக் காட்டும் பெட்டி எல்லாக் கடையிலும் கிடைக்காதாம், அலைந்து தேடியிருக்கிறாள். டிஸ்க்கை அதற்குள் மாற்றி, புதிதாக ஃபார்மேட் செய்தாள். முழு டிஸ்க்கும் திரையில் வந்து உட்கார்ந்தது. ஷைலாவைக் கட்டிப்பிடித்துக்கொண்டேன்.

நவம்பர் 27
டேப் ஓடும் வேகத்தில்தான் உள்ளே ஏறும். கூடவே உட்கார்ந்திருக்க வேண்டியதுதான். நாள் முழுக்க மழைச் சத்தமும் பழைய கல்யாணங்களும். முகங்கள் கட்டம் கட்டமாக உடைகின்றன, வெறும் நிறமாகின்றன, மெதுவாக மறுபடி முகமாகின்றன. எந்த வருஷத்தில் இருக்கிறேன் என்பதே அவ்வப்போது மறந்துபோகிறது.

இன்று ஃபிசாவின் டேப். மாப்பிள்ளையைக் கிண்டல் செய்து எல்லாரும் பாட, அவள் வாயைக்கூடப் பொத்தாமல் சிரிக்கிறாள். பூசணம் அவளைத் தொடவில்லை. கடைசியில் படம் ஆடுகிறது. யாரோ என் கையிலிருந்து கேமராவைப் பிடுங்கியிருக்கிறார்கள். சுவர், மின்விசிறி, அப்புறம் — நான்! சுத்தமாக மறந்துபோயிருந்தேன்.

டிசம்பர் 13
மருதாணி. சுவரில் படம் ஓடியது. "ம்மா, இது நீயா?" என்று ஷிபா கேட்டுக்கொண்டே இருந்தாள். ஃபிசா சுவரைப் பார்க்கவே இல்லை, மகள் முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் இருவரும் ஒன்றாகச் சிரித்தார்கள்.

டிசம்பர் 14
ஃபிசா டேப்பில் நான் வரும் கடைசிப் பகுதியை மட்டும் தனியாக வெட்டினேன். வேறு எந்தப் பெண்ணின் நிழலாவது விழுகிறதா என்று திரும்பத் திரும்பப் பார்த்தேன். இல்லை. இவரை உள்ளே கூப்பிட்டேன்.

"பொம்பளைங்க டேப்பா? நான் வரல."

"இதுல நான் மட்டும்தாங்க கீறேன். வாங்க."

தயங்கித் தயங்கி வந்து உட்கார்ந்தார். திரையில் நான் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, தாளத்துக்குக் கொஞ்சமும் ஒட்டாமல் ஆடுகிறேன், சிரித்துச் சிரித்து மூச்சு வாங்குகிறது. இவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார்.

"நீ ஆடுவியா பானு? நான் பாத்ததே இல்லியே."

"நீங்க ஆம்பளைங்க பக்கம் இருந்தீங்க."

திரைக்குப் பக்கத்தில் நகர்ந்து உட்கார்ந்தார். அப்புறம், "இன்னொரு வாட்டி போடு" என்றார். போட்டேன்.