ஸ்கூட்டருக்குக் காவல்

என் வீட்டுக்காரிக்கு,

அக்கா வீட்டிலிருந்து எழுதுறேன். பிடிவாரண்டோட போலீஸ் நம்ம வீட்டுக்கு வந்தாங்களாமே. உன்கிட்ட ஏதும் கத்தினாங்களா?

வாய்தா அன்னைக்கு பஸ் கிடைக்கலைன்னு நான் சொன்னது பொய். கோர்ட்டுக்கு வரமாட்டேன்னு முகத்தைத் திருப்பிக்கிட்ட நீ, நீலப் புடவை கட்டிக்கிட்டு நம்ம வக்கீலோட தம்பி ஸ்கூட்டர்ல ஏறிப் போனதைப் பார்த்துட்டேன். ஆட்டோ பிடிச்சுப் பின்னாலயே வந்தேன். கோர்ட்டுக்குப் பின்பக்கச் சந்துல, ஜெராக்ஸ் கடை வாசல்ல வண்டி நின்னுச்சு. உங்களைக் காணோம். திரும்பி வந்துதானே ஆகணும்னு ரெண்டு மணி நேரம் அந்த வண்டியை விட்டு நான் கண்ணை எடுக்கல. கோர்ட்டுக்குள்ளே என் பேரை மூணு தடவை கூப்பிட்டிருக்காங்க.

கேஸை வாபஸ் வாங்கச் சொல்லி, நான் அடிச்ச பழக்கடைக்காரர்கிட்ட கெஞ்சத்தான் நீ வந்தியாம். அக்கா சொன்னா. உன்னைப் பார்த்துச் சிரிச்சதுக்குத்தான் அவரை அடிச்சேன். அவர்கிட்ட எவ்வளவு நேரம் பேசின?

வாரண்டை ரத்து பண்ணக் கேட்டுப் போடுற மனுவுல, அன்னைக்கு எனக்குக் காய்ச்சல்னு எழுதியிருக்காராம் வக்கீல். ஒரு வகையில அது உண்மைதான்.

நாளைக்குப் பத்து மணிக்கு கோர்ட்ல சரணடையப் போறேன். நீ வா, ஆனா பஸ்ல வா. என்னை உள்ளே தள்ளினாலும் தள்ளட்டும். நீ யார் வண்டியில வீடு திரும்புறேன்னு பார்க்க முடியாதே, அதுதான் பயமா இருக்கு.

இப்படிக்கு,
நீ திட்டுற அதே சந்தேகப் பிராணி