ரேடார் கம்பத்துக்கு ஒரு ஜெபம்

காரோடு கிராமம்

அன்புள்ள அத்தான்,

புயலில் உங்கள் ஆய்வு நிலையத்தின் ரேடார் கம்பங்கள் சாய்ந்துவிட்டன என்றும் அவை எதற்கென்றும் நீங்கள் எழுதியதை வழக்கம்போல அடுக்களையில் அத்தைக்கு உரக்க வாசித்தேன். மாமா முற்றத்தில் பத்திரிகை வாசித்துக்கொண்டிருந்தார். வங்கி வேலையை உதறிவிட்டு நீங்கள் அந்தப் பனிநாட்டுக்குப் போன நாளிலிருந்து உங்கள் பெயரையே எடுக்காதவர், இதையெல்லாம் கேட்பார் என்று நான் நினைக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில், யாருக்காக ஜெபிக்கவேண்டும் என்று போதகர் கேட்டார். மாமா எழுந்து நின்றார்!

"எனக்க மகனுக்க கம்பம் சாஞ்சு போச்சு. அதுக்கு ஜெபிக்கணும்."

"கரண்டு கம்பமா?" என்றார் போதகர்.

"இல்ல, ரேடார் கம்பமாக்கும். மேல வானத்தில பிளாஸ்மான்னு மின்சாரம் ஏறின காத்து ஓடுகது உண்டு. ஒரு ரேடார் தனியா பாத்தா அது கிட்ட வருதா, தள்ளிப் போவுதான்னு மட்டுந்தான் தெரியும். வேற ஊருல உள்ள ரேடாரும் சேந்து பாத்தாத்தான் எந்தத் திசைக்குப் போவுதுன்னு பிடிகிட்டும். இவனுக்குள்ளது சாஞ்சா மத்தவனுக்கும் பாதிக் கண்ணாக்கும்."

சபையே ஆமென் சொன்னது. பிளாஸ்மா தொற்றுமா என்று பக்கத்திலிருந்த ஓமனா அக்கா என்னிடம் ரகசியமாகக் கேட்டாள்.

இதை எழுதும்போது மாமா பக்கத்தில் வந்து நிற்கிறார்.

"கம்பம் நட்டாச்சுன்னா ஒரு வரி எழுதச் சொல்லு மக்கா."

"யாருக்கு எழுதணும் மாமா?"

"எனக்குத்தான்."

அந்த வாரம் நீங்கள் எனக்குக் கடிதம் எழுதாவிட்டாலும் பரவாயில்லை. கவரின் மேல் அவர் பெயரே இருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள் வீட்டுக்காரி