தட்டச்சு ஆகாத கடைசிப் பக்கம்

என் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்த ஒரே மனுஷிக்கு,

நேரில் சொன்னால் நீ குறுக்கே பேசுவாய். அதனால்தான் எழுதி நர்சிடம் கொடுத்தனுப்புகிறேன். நாளைக் காலை ஆபரேஷன் தியேட்டருக்குப் போவதற்கு முன் படி. உன் தங்கச்சி பக்கத்து வார்டில் தெம்பாக இருக்கிறாள். உன் சிறுநீரகம் வரப்போகிற தைரியத்தில் இப்போதே என்னைக் கிண்டல் செய்கிறாள்.

வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது. பால் பொங்கி வழிந்தது ஒரே ஒரு முறைதான்.

"ஏன் நீதான் குடுக்கணும்?" என்று நான் கேட்டபோது நீ சிரித்தாய். "உங்க நாவல்ல வர்ற பொண்ணுங்க உசுரையே குடுக்குறாங்க. அவங்கள ஒரு வார்த்தை கேட்டதுண்டா? நான் ஒரு கிட்னி குடுத்தா மட்டும் கேள்வி வருது." அன்றிரவு என் நாவல்களை எடுத்துவைத்து, செத்துப்போன பெண்களை எண்ணிப் பார்த்தேன்.

எப்போதும் நீ செய்கிற வேலைதானே, புது நாவலின் கடைசி அத்தியாயத்தை இந்த முறை நானே தட்டச்சு செய்துவிடலாம் என்று இன்று உட்கார்ந்தேன். ஊரைக் காப்பாற்ற நாயகி வெள்ளத்தில் இறங்கும் இடம் வரை வந்துவிட்டேன். அவள் சாகும் பக்கத்தை மட்டும் என்னாலேயே படிக்க முடியவில்லை. கண்ணாடியை எத்தனை முறை துடைத்தாலும் எழுத்து மங்கலாகவே தெரிந்தது.

ஆகவே அவள் இன்னும் சாகவில்லை. இடுப்பளவு தண்ணீரில் நிற்கிறாள். நீ வந்துதான் அவளைக் கரையேற்ற வேண்டும்.

சீக்கிரம் வா. பாவம், அவளுக்குக் குளிரும்.

உன்
கோழிக்கிறுக்கல்காரன்